நானூறு அடிக்கு ஒரு சீட்டு

அதிகாலை நான்கு மணிக்கு நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பியவர்கள் இந்த இடத்துக்கு வந்துசேர ஒன்பது மணி ஆகிவிடும். எதிரே ஒரு சிறு பாறைக் குன்று. அதன் முதுகில் வளைந்து வளைந்து ஏறும் கற்படிகள். அதற்கும் பின்னால், பாதி வானத்தை அடைத்துக்கொண்டு ஒரு மொட்டைப் பாறை. பாறைமேல் எறும்பு ஊர்வதுபோல ஏதோ வரிசையாக நகர்கிறது. உற்றுப் பார்த்தால் மனிதர்கள்!

குன்றின் அடியில் ரேஞ்சர் நிற்கிறார். அனுமதிச் சீட்டையும் அடையாள அட்டையையும் கேட்கிறார். இருந்தால் மேலே போகலாம். இல்லையென்றால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஏறிவந்த கால்கள் அப்படியே திரும்ப வேண்டியதுதான். சீட்டில்லாமல் ஏறிப் பிடிபட்டால் 5,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்கிறது சட்டம்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், யோசெமிட்டி தேசியப் பூங்காவில் இருக்கும் ஹாஃப் டோம் சிகரம்தான் இது. உயரம் சுமார் 8,840 அடி. கலிஃபோர்னியாவுக்காக 2005-ல் வெளியான கால் டாலர் நாணயத்தில் பொறிக்கப்பட்டிருப்பது இந்தப் பாறைதான். சான் ஹொசே, ஃப்ரீமாண்ட், சன்னிவேல் என்று வளைகுடாப் பகுதியில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு நான்கைந்து மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கிறது யோசெமிட்டி. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் கூட்டிப்போகும் இடங்களில் அதுவும் ஒன்று. பள்ளத்தாக்கில் நின்று அண்ணாந்து பார்த்து, 'ஒருநாள் அதன் உச்சிக்குப் போக வேண்டும்' என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டு திரும்புகிறவர்கள் பலர்.

அந்த முடிச்சை அவிழ்க்க நினைப்பவர்கள் செய்யவேண்டிய ஏற்பாடுகளைப் பார்ப்போம். கூடவே, சீட்டு வாங்குவதைவிட முக்கியமான ஓர் ஏற்பாட்டையும்.

கொல்லர் அடித்த ஆணி

ஹாஃப் டோம் கருங்கல் இனத்துப் பாறை. பூமிக்கடியில் உருகிக் கிடந்த குழம்பு ஏறத்தாழ எட்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் இறுகி உருவானது. மேலிருந்த மண்ணும் கல்லும் கரைந்துபோக, அழுத்தம் குறைந்த பாறை வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக உரிந்து குவிமாடம் ஆயிற்று. ஒரு பக்கம் உருண்டை. வடமேற்குப் பக்கம் இரண்டாயிரம் அடிச் செங்குத்துச் சுவர். பாதியை யாரோ அறுத்து எடுத்துப்போன மாதிரி தோன்றுவதால்தான் 'அரைக் குவிமாடம்' என்ற பெயர். இந்தப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான அஹ்வானிச்சி மக்களுக்கோ இது டிஸ்ஸாயாக், கல்லாகிப்போன ஒரு பெண். பாறை முகத்தில் வழியும் கருங்கோடுகளை அவளுடைய கண்ணீர்த் தடமாக அவர்களின் கதை சொல்கிறது.

கலிஃபோர்னியாவின் அரசு நிலவியலாளராக இருந்த ஜோசையா விட்னி, மனிதர் கால் ஒருபோதும் படமுடியாத இடம் என்று இந்தச் சிகரத்தைப் பற்றி எழுதிவைத்தார். சில ஆண்டுகள்தான் போயின. 1875 அக்டோபர் 12-ம் தேதி, ஜார்ஜ் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் உச்சியில் நின்றார். கொல்லு வேலை தெரிந்தவர். பாறையில் துளை போடுவது, இரும்பு வளையம் அடிப்பது, அதன்மேல் நின்று அடுத்த துளை போடுவது என்று அங்குலம் அங்குலமாக ஏறினார். அடுத்த சில வாரங்களில் இயற்கையாளர் ஜான் மியூரும் ஏறிவிட்டார்.

சாதாரண மனிதர்களும் ஏறலாம் என்ற நிலை 1919-ல் வந்தது. சியர்ரா கிளப் என்ற அமைப்பின் முயற்சியில் கடைசி 400 அடிக்கு இரண்டு இரும்புக் கேபிள்கள் கட்டப்பட்டன. இரண்டு பக்கமும் இரும்புக் கம்பங்கள், அவற்றில் இடுப்பு உயரத்தில் ஓடும் கேபிள், பத்தடிக்கு ஒன்றாகக் கால் வைத்து நிற்கக் குறுக்கே ஒரு மரச்சட்டம். இன்றைக்கும் ஏற்பாடு இவ்வளவுதான். ஏறுகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் இந்த ஒரே வழி.

1,200-லிருந்து 300

அந்த ஒற்றை வழியில், சனிக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் ஆயிரம் முதல் 1,200 பேர் வரை ஏறிய காலம் உண்டு. நடுக்கேபிளில் ஒருவர் பயந்து உறைந்தால் அவருக்குக் கீழே நூறு பேர் நிற்பார்கள். மேலே மேகம் கறுக்கும். இறங்க வழி இருக்காது. 2009 ஜூனில் மோசமான வானிலையில் ஒருவர் கேபிளிலிருந்து விழுந்து இறந்தார். 2010-ல் வெள்ளி, சனி, ஞாயிறு மற்றும் விடுமுறை நாட்களுக்கு அனுமதிச் சீட்டு கட்டாயமானது. 2011-ல் வாரத்தின் ஏழு நாட்களுக்கும் அது நீண்டது.

ஆரம்பத்தில் 'முந்துபவருக்கே சீட்டு' என்ற முறை. இணையத்தில் திறந்த சில நிமிடங்களில் மொத்தமும் தீர்ந்தது. தீர்ந்த சீட்டுகள் கள்ளச் சந்தையில் பல மடங்கு விலைக்குத் திரும்பி வந்தன. திரையரங்க வாசலில் பிளாக்கில் டிக்கெட் வாங்கியவர்களுக்கு இது புரியும். அதை ஒழிக்கத்தான் 2012-ல் குலுக்கல் முறை வந்தது. சீட்டு யார் பெயரில் இருக்கிறதோ அவர் நேரில் வந்தால்தான் செல்லும். விற்கவும் முடியாது, இன்னொருவருக்கு மாற்றவும் முடியாது. இன்று ஒரு நாளைக்கு 300 பேர் என்பது கணக்கு. அதில் 225 இடம் ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர்களுக்கு; 75 இடம் காட்டில் கூடாரம் அடித்துத் தங்குகிறவர்களுக்கு.

மார்ச் மாதத்தை மறக்காதீர்கள்

கேபிள்கள் ஆண்டு முழுக்க நிமிர்ந்து நிற்பதில்லை. பனி ஓய்ந்து, மே மாதக் கடைசித் திங்களுக்கு முந்தைய வெள்ளியன்று கம்பங்களை நிறுத்துவார்கள். அக்டோபர் இரண்டாம் திங்களுக்கு மறுநாள் இறக்கிவிடுவார்கள். வானிலையைப் பொறுத்து இது முன்பின் ஆகலாம். இடைப்பட்ட நாலரை மாதம்தான் பருவம்.

அதற்கான முதல் குலுக்கல் மார்ச் மாதம் முழுக்கத் திறந்திருக்கும். அமெரிக்க அரசின் ரிக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு விண்ணப்பத்தில் ஆறு பேர் வரை சேரலாம். ஏழு தேதிகள் வரை விருப்ப வரிசையில் கொடுக்கலாம். விண்ணப்பக் கட்டணம் 10 டாலர், திரும்பி வராது. சீட்டு கிடைத்தால் தலைக்கு 10 டாலர். முடிவு ஏப்ரல் நடுவில் வரும். மார்ச் 1-ம் தேதி போட்டாலும் 31-ம் தேதி போட்டாலும் வாய்ப்பு ஒன்றுதான். ஆகவே நண்பர்களோடு உட்கார்ந்து தேதிகளைப் பேசி முடித்துவிட்டு நிதானமாகவே போடலாம்.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. விண்ணப்பத்தில் குழுத் தலைவர் பெயரோடு மாற்றுத் தலைவர் ஒருவர் பெயரையும் கொடுக்கலாம். சீட்டு கிடைத்தபின் அந்த இருவரில் ஒருவர் கட்டாயம் கூட வர வேண்டும். ஒருவர் பெயர் ஒரே விண்ணப்பத்தில்தான் இருக்கலாம். 'நானும் ஒன்று போடுகிறேன், உன் பெயரையும் சேர்த்துக்கொள்கிறேன்' என்று இரண்டு விண்ணப்பங்களில் ஒரே பெயர் வந்தால் இரண்டுமே கழிந்துவிடும். அதேபோல ஏழு தேதிகளையும் சனிக்கிழமைகளாகவே நிரப்பாதீர்கள். ஊரே கேட்பது சனிக்கிழமையைத்தான். செவ்வாய், புதன் என்று இரண்டு நாள் விடுப்பு எடுக்க முடிந்தால் வாய்ப்பு கூடும். கூட்டமும் சற்றுக் குறையும்.

மார்ச்சைத் தவறவிட்டவர்களுக்கும் கதவு மூடிவிடுவதில்லை. பருவம் முழுக்கத் தினக் குலுக்கல் நடக்கிறது. ஏற நினைக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு, நள்ளிரவிலிருந்து மாலை 4 மணிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சனிக்கிழமைக்கு வியாழன் அன்று. அன்று இரவே முடிவு தெரிந்துவிடும். மற்றவர்கள் ரத்து செய்த இடங்களும் இதில் வந்துசேரும். வானிலை முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு விண்ணப்பிக்கலாம் என்பது இதன் பெரிய அனுகூலம். அதே காரணத்துக்காக, போக முடியாது என்று தெரிந்தவர்கள் உடனே ரத்து செய்துவிட வேண்டும். சும்மா கிடக்கும் சீட்டு இன்னொருவருக்கு மறுக்கப்பட்ட இடம்.

சீட்டை அச்செடுத்தோ கைபேசியில் சேமித்தோ வைத்துக்கொள்ளுங்கள். மலையில் சிக்னலை நம்பக் கூடாது. பூங்கா நுழைவுக் கட்டணம் தனி. இந்தச் சீட்டு அதற்கு ஈடாகாது.

பன்னிரண்டு மணி நேரம், நான்கு லிட்டர் தண்ணீர்

நடை தொடங்குமிடம் ஹேப்பி ஐல்ஸ். போகவர 23 முதல் 27 கிலோமீட்டர், எந்த வழியில் போகிறோம் என்பதைப் பொறுத்து. ஏறவேண்டிய உயரம் 4,800 அடி. பழனி மலையின் உயரம் தரையிலிருந்து ஐந்நூறு அடியைத் தாண்டாது என்பதை நினைத்துக்கொண்டால் அளவு விளங்கும். பெரும்பாலோருக்குப் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும்.

மேலே போக 'மிஸ்ட் டிரெயில்' என்னும் சாரல் பாதை குறுக்குவழி. அறுநூறுக்கும் மேற்பட்ட கருங்கல் படிகள் வெர்னல் அருவியின் ஓரமாகவே ஏறுகின்றன. 317 அடியிலிருந்து விழும் அருவி, மே, ஜூன் மாதங்களில் ஆளை முழுக்க நனைத்துவிடும். வெயில் ஏறினால் காலடியிலேயே வானவில் விழும். அதற்கு மேலே 594 அடி நெவாடா அருவி. இறங்கும்போது களைத்த முட்டிகளுக்கு ஈரப் படிகள் ஆகாது; சற்றுச் சுற்றானாலும் ஜான் மியூர் பாதை வழியாக இறங்குவது நல்லது. அருவியின் தலைப்பகுதியில் தடுப்புக் கம்பி உண்டு. அதைத் தாண்டி ஆற்றில் இறங்காதீர்கள். 2011 ஜூலையில் வெர்னல் அருவியின் மேல் அப்படி இறங்கிய மூன்று பேரைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது.

ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் வேண்டும் என்கிறது பூங்கா நிர்வாகம். சுத்திகரித்த குடிநீர் கிடைக்கும் கடைசி இடம், புறப்பட்டு ஒன்றேகால் கிலோமீட்டரில் வரும் வெர்னல் அருவிப் பாலம். அதற்குப்பின் மெர்செட் ஆற்று நீரைத்தான் எடுக்க வேண்டும். பளிங்குபோல இருந்தாலும் அப்படியே குடித்தால் வயிற்றைக் கலக்கும் கிருமிகள் உண்டு. கையடக்க வடிகட்டி ஒன்று பையில் இருந்தால் நான்கு லிட்டரையும் தோளில் சுமக்க வேண்டியதில்லை. லிட்டில் யோசெமிட்டி பள்ளத்தாக்கைக் கடந்துவிட்டால் உச்சிவரை நீர் எடுக்க நம்பகமான இடம் இல்லை. அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

காலணி விஷயத்தில் ஒரே ஒரு விதி: புதுசாக இருக்கக் கூடாது, அடிப்பாகம் தேய்ந்தும் இருக்கக் கூடாது. வாங்கி இரண்டு மாதம் நடந்து பழகிய, பாறையைப் பிடிக்கும் ரப்பர் அடியுள்ள ஷூ வேண்டும். கேபிளைப் பிடிக்கக் கையுறை. இருட்டில் புறப்படவும், தாமதமானால் இருட்டில் திரும்பவும் நெற்றி விளக்கு. உப்புள்ள தின்பண்டம். மெல்லிய மழைச் சட்டை. மார்ச்சில் விண்ணப்பித்தால் ஜூலை வரை நான்கு மாதம் இருக்கிறது. வாரா வாரம் ஒரு குன்று ஏறிப் பழகினால் அந்த நான்கு மாதமே பயிற்சிக் காலம். டிரெட்மில்லில் ஓடுகிற கால்கள் ஏறத் தெரிந்தவை. 4,800 அடி இறங்குவது வேறு பாடம்.

கேபிளின் மேல்

சரிவு 45 பாகைக்கும் மேல். நூறாண்டுகளாகப் பாதங்கள் தேய்த்துத் தேய்த்துப் பாறை வழவழப்பாகிக் கிடக்கிறது. இரண்டு கைகளாலும் கேபிளைப் பற்றி, உடலை இழுத்து, அடுத்த மரச்சட்டத்தில் நின்று மூச்சு வாங்கி, மறுபடி இழுக்க வேண்டும். கைகள்தான் முதலில் சோர்கின்றன. சிலர் இடுப்பில் ஹார்னஸ் மாட்டி, இரண்டு கொக்கிகளால் கேபிளோடு தங்களைப் பிணைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு கம்பத்திலும் ஒன்றை மாற்றும்போது இன்னொன்று பிடித்திருக்கும். கட்டாயமில்லை; ஆனால் தெரிந்தவரிடம் பழகிக்கொண்டு போடுவது புத்திசாலித்தனம். கேபிளுக்கு வெளியே போய் மற்றவர்களை முந்துவது மட்டும் கூடவே கூடாது.

உச்சி எதிர்பாராத அளவுக்கு அகலம். ஒருபக்கம் பள்ளத்தாக்கு, மறுபக்கம் சியர்ரா நெவாடாவின் பனி முகடுகள். இந்த மொட்டைப் பாறையின் இடுக்குகளில் மௌன்ட் லயல் சாலமாண்டர் என்ற, பல்லி உருவத்து ஈரத்தோல் உயிர் ஒன்று வாழ்கிறது. முன்பு உச்சியில் கூடாரம் அடித்தவர்கள் விறகுக்காக இருந்த சில மரங்களையும் வெட்டினார்கள், கழிவையும் விட்டுப்போனார்கள். 1993 முதல் அங்கே இரவு தங்கத் தடை. கொண்டுபோனதையெல்லாம் கீழே கொண்டுவர வேண்டும். கையுறை உட்பட!

மேகம் திரண்டால்...

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் சியர்ரா நெவாடாவில் காலை பளிச்சென்று இருக்கும். பிற்பகலில் இடி முழங்கும். உச்சியில் மனிதனைவிட உயரமான பொருள் அநேகமாக எதுவுமில்லை. கையில் இருப்பதோ இரும்பு. 1985 ஜூலை 27 அன்று உச்சியில் மின்னல் தாக்கி இருவர் இறந்தார்கள். மின்னல் வேண்டாம், மழை மட்டுமே போதும். ஈரமான பாறையில் ஷூ நிற்காது. கேபிளில் நேர்ந்த விபத்துகளில் பெரும்பாலானவை பாறை நனைந்திருந்தபோது நடந்தவை. 2024 ஜூலையில் திடீர் மழையில் இறங்கிவந்த ஓர் இளம்பெண் வழுக்கி விழுந்து உயிரிழந்தார். சீட்டு முறை வந்து பதினான்கு ஆண்டுகள் ஆன பிறகு நடந்தது அது.

சீட்டு நெரிசலைக் குறைத்தது, மெய்தான். ஆனால் அதுவே வேறொரு ஆபத்தையும் கூட்டிவந்திருக்கிறது. கிடைக்காமல் கிடைத்த பொருளை விட மனம் வராது. மூன்று ஆண்டு குலுக்கலில் தோற்று, நான்காம் ஆண்டு சீட்டு விழுந்து, விமானச் சீட்டும் விடுதியும் பதிவு செய்து, 12 கிலோமீட்டர் ஏறிவந்து நிற்கிறார் ஒருவர். மேற்கே மேகம் திரள்கிறது. 'இன்னும் அரைமணி நேரம்தானே, ஓடிப்போய்த் தொட்டுவிட்டு வந்துவிடலாம்' என்று மனம் சொல்லும். மலை அங்கே காத்திருக்கும், அடுத்த ஆண்டும் வரலாம் என்று சொல்ல வேண்டிய புத்தி, சீட்டைப் பார்த்து வாயடைத்துப்போகும்.

அதனால்தான் சொல்கிறேன், சீட்டு வாங்குவதைவிட முக்கியமான ஏற்பாடு, எப்போது திரும்புவோம் என்பதை வீட்டிலேயே முடிவு செய்வது. திரும்பும் நேரம் ஒன்றை வைத்துக்கொள்ளச் சொல்கிறது பூங்கா நிர்வாகமும். வானில் எந்தத் திசையில் இடிமேகம் தெரிந்தாலும் சிறு குன்றில்கூட ஏற மாட்டோம். பாறை நனைந்திருந்தால் கேபிளைத் தொட மாட்டோம். குழுவில் ஒருவர் 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று சொன்னால் யாரும் அவரை உசுப்பேற்ற மாட்டோம். இந்த மூன்றையும் ஆறு பேரும் புறப்படுவதற்கு முந்தைய இரவே பேசி ஒப்புக்கொள்ளுங்கள். மலைமேல் நின்று பேசினால் ஆசைதான் ஜெயிக்கும்.

கையில் இன்னொரு திட்டமும் இருக்கட்டும். அருகிலேயே கிளவுட்ஸ் ரெஸ்ட் என்ற சிகரம் இருக்கிறது. 9,926 அடி, ஹாஃப் டோமைவிட ஆயிரம் அடிக்கும் மேல் உயரம். ஒரே நாளில் போய்வரக் குலுக்கலும் இல்லை, கேபிளும் இல்லை. அங்கிருந்து ஹாஃப் டோமையே குனிந்து பார்க்கலாம். சீட்டு கிடைக்காதவர்களுக்கு அதைவிட நல்ல ஆறுதல் வேண்டியதில்லை. இடி மிரட்டும் நாளென்றால் அதையும் விட்டுவிட்டு, நெவாடா அருவியோடு திரும்பினாலும் அது நிறைவான நாள்தான்.

நமக்கும் இது பாடம்

அனுமதிச் சீட்டின் அருமையை நாமும் விலை கொடுத்தே கற்றோம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் பலியானார்கள். அந்த ஆண்டே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் 40 பாதைகளுடன் 'ட்ரெக் தமிழ்நாடு' இணையப் பதிவு தொடங்கியது. யோசெமிட்டியிலும் குரங்கணியிலும் விதிகளுக்குப் பின்னால் இருப்பது உயிரிழப்புதான். 'ஒரு மலை ஏறுவதற்கு இத்தனை கெடுபிடியா?' என்று சலித்துக்கொள்ளும்போது இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த மார்ச்சில் விண்ணப்பம் போடுங்கள். நன்றாகத் தயாராகுங்கள். குலுக்கலில் உங்கள் பெயர் விழட்டும். சீட்டோடு குன்றின் அடியில் போய் நிற்கும் அந்தக் காலையில் மேகம் கறுத்திருந்தால் தயங்காமல் திரும்பிவிடுங்கள். சீட்டு மேலே போக அனுமதிக்கிறது, அவ்வளவுதான். போயே தீர வேண்டும் என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை.